ஜானகிக்குக் கிடைத்த பத்து நாள் லீவு

ஜானகி வேலைக்குப் போகத் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடிவதற்கு முன் வண்டி ஏறி, பெங்களூருக்குச் சற்று முன்னால் வைட்ஃபீல்டில் இறங்குவாள். அங்கே ஓர் ஐ.டி. கம்பெனியின் ஆறு மாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. முதல் நான்கு வருடம் மாப்பும் வாளியுமாகக் கழிந்தது. அதன்பின் சூப்பர்வைசர் ஆனாள். இருபத்திரண்டு பெண்களுக்கு எந்த மாடி, எந்த ஷிஃப்ட் என்று பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தட்டும்போது எட்டரை ஆகியிருக்கும். சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு எடுத்தது ஒரே ஒரு முறைதான், மகன் எழிலனுக்கு டெங்கு வந்தபோது.

போன டிசம்பரில் கம்பெனியே அவளுக்குப் பத்து நாள் லீவு கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஆபீசுக்கு ஆளே வருவதில்லை, காலிக் கட்டடத்துக்கு எதற்கு ஏசியும் கரண்டும் என்று இருபத்து மூன்றாம் தேதி முதல் ஒன்றாம் தேதி வரை மூடிவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளில் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. ஆபீஸ் மேனேஜர் அம்மாள் கடைசி நாளன்று அவளைக் கூப்பிட்டு, கட்டடத்துப் பராமரிப்பையெல்லாம் பார்க்கிற எக்சிக்யூட்டிவ் வேலை காலியாகிறது, உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்த வேலைக்கு யூனிஃபார்ம் கிடையாது, உட்கார மேஜை உண்டு. ஆனால் ஷிஃப்ட் பட்டியல், சாமான் இருப்பு, புகார் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எக்செல் போட்டு வைக்க வேண்டும். "லீவுல கத்துக்கிட்டு வாங்க ஜானகி. ரெண்டாம் தேதி ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுக்கலாம்" என்றார்.

ஜானகி இதை இரண்டே பேரிடம் சொன்னாள். ஒருத்தி அவளோடு தினமும் ரயிலில் வரும் வினோலியா. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பக்கத்து லைன்காரி, வைட்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அவள் தன் மகள் நிக்கோலின் பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். இன்னொருத்தி ஜானகியின் மகள் தென்றல். பி.யு.சி. இரண்டாம் வருடம் காமர்ஸ் படிக்கிறாள், எக்செல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்மா, பத்து நாள்ல நீ எனக்கே சொல்லித் தருவ" என்றாள் தென்றல். கணவனிடம் வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஜானகி நினைத்தாள். கிடைக்காமல் போனால் அவன் சிரிப்பான் என்ற எண்ணம் ஒரு பக்கம்.

இருபத்திரண்டாம் தேதி லேப்டாப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தவளிடம் கணவன் கௌதமன் சொன்னான்: "மனோகர் ஃபேமிலி நாளைக்கு வருது."

"எத்தினி நாளு?"

"ஸ்கூல் தொறக்கற வரைக்கும். நீயும் வீட்ல சும்மாதானே இருக்கப்போற, அதான் வரச் சொல்லிட்டேன்."

ஜானகி சரி என்றாள். அந்தச் சரிக்காகப் பிற்பாடு அவள் தன்னையே பல தடவை திட்டிக்கொண்டாள்.

கௌதமனுக்கு ராபர்ட்சன்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை, வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். மனோகர் அவன் தம்பி. பெங்களூரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலை. அவன் மனைவி ஷில்பா கன்னடக்காரி, அவளும் ஆபீஸ் போகிறவள். இரண்டு பையன்கள். இவர்கள் நால்வரும் வந்து இறங்கியபோது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள அந்த லைன் வீட்டில் மொத்தம் ஒன்பது பேர்.

ஒன்பதாவது ஆள் மாமனார் சிவலிங்கம். முன்னறைக் கட்டில் அவருடையது. முப்பது வருடம் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை செய்தவர். பாறைத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. நவம்பரில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வேளையும் நெபுலைசர் வைத்து மருந்துப் புகையை இழுக்க வேண்டும், எழுந்து நடக்க ஆள் வேண்டும். பகலில் பக்கத்து வீட்டுக் கங்கம்மா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் ஜானகி.

அவள் வீட்டில் இருப்பது தெரிந்ததும் கங்கம்மா வருவதை நிறுத்திக்கொண்டார். அதில் தப்பில்லை, அவருக்கும் வயது அறுபத்தைந்து. ஆனால் மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். தினமும் காலையில் அப்பாவுக்கு வெந்நீர் வைத்துக்கொடுக்கிற கௌதமன் வைக்கவில்லை. தாத்தாவுக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுகிற எழிலன் சித்தப்பா பிள்ளைகளோடு கிரிக்கெட்டுக்குப் போனான்.

மனோகருக்குச் சொந்த ஊருக்கு வந்தால் ஒரு குஷி. பழைய சுரங்க ஷாஃப்ட், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேடு, ஆள் இல்லாத பங்களா என்று போட்டோ எடுத்துப் போடுவான். பசியோடு திரும்பி வருவான். "அண்ணி, அம்மா செய்யுமே கொழுப்புக் கறி, மொளகு தட்டிப்போட்டு, அது ஒரு நாளு." மறுநாள் தலைக்கறி. அதற்கு மறுநாள் பையன்களுக்கு ஃப்ரைட் ரைஸ். சாப்பிட்டுவிட்டு, "இந்த ருசி பெங்களூர்ல எங்க கிடைக்குது" என்பான். தட்டு அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும்.

ஷில்பா முதல் நாள் சமையலறைக்கு வந்து நின்றாள். வெங்காயம் உரித்தாள். இரண்டாம் நாள் அவளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது, பின்கட்டில் நடந்துகொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வினோலியா கூப்பிட்டிருந்தாள். ஜானகியுடையது பௌத்தக் குடும்பம். ஆனாலும் கிறிஸ்துமஸ் என்றால் அந்த லைனில் எல்லோருக்கும்தான். மாமனாருக்கு அன்று இழுப்பு அதிகமாகிவிட்டது, ஜானகி போகவில்லை. வினோலியா கல்கல், ரோஸ் குக்கி என்று கிறிஸ்துமஸ் பலகாரங்களை ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினாள். ஜானகி பாத்திரம் கழுவி முடித்து வந்து டப்பாவைத் திறந்தபோது அடியில் தூள்தான் இருந்தது.

எக்செல் படிப்பு இரண்டு தடவைதான் நடந்தது. முதல் தடவை அரைமணி நேரம். இரண்டாம் தடவை தென்றல் கூட்டல் ஃபார்முலா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மனோகரின் பெரியவன் வந்து, கேம் ஆட லேப்டாப் வேண்டும் என்று அழுதான். "குடுத்துடேன் ஜானகி, நாலு நாளுக்கு வந்த பசங்க" என்றான் கௌதமன். "உனுக்கு எதுக்கு இந்த லேப்டாப்பு?" என்று அவன் கேட்டிருந்தால் அவள் அப்போதே சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம் அவள் மசால்வடை சுட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் பேச்சு நடந்தது. நடுவில் ஒரு திரைச்சீலைதான். மாமனார் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்க, அவர் தலைக்கு மேலேயே பேசினார்கள்.

"கங்கம்மா பொங்கலுக்கு அப்புறம் ஒசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறாங்களாம். அப்பால யாரு பாக்கறது?" என்றான் மனோகர். "நைனாவ எங்க வீட்டுக்குக் கூட்டினு போகலாம்னா மூணாவது மாடி. லிஃப்டு பாதி நாளு ஓடாது."

"அக்கா வேலைய விட்டுட்டா ஆயித்து, முடிஞ்சுது. அவங்க கைதான் மாமாவுக்குப் பழக்கம்" என்றாள் ஷில்பா.

"அதுதான் சரி. அண்ணி மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க."

கௌதமன் என்ன சொல்லப் போகிறான் என்று ஜானகி கரண்டியோடு நின்றாள்.

"அவ வேல இன்னா பெரிய வேல. பெருக்கறது தொடைக்கறது. நான் சொன்னா கேட்டுக்குவா. புது வருஷம் பொறக்கட்டும், நான் சொல்லிக்கறேன்."

வடை கருகிவிட்டது. அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினாள். டீ போட்டாள். தட்டில் வைத்து முன்னறைக்குக் கொண்டுபோனாள். கௌதமன் வடையைப் பிட்டு, "மொறுமொறுன்னு கீது" என்றான்.

தென்றல் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"நீ ஏம்மா ஒண்ணுமே சொல்லல?"

"எண்ணெ காஞ்சுகினு இருந்துது."

சொன்னபின் அவளுக்கே அது கேவலமாக இருந்தது. இத்தனை வருடமாக ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று அடுப்பில் காய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையை விடு என்றதைவிட, சொன்னால் கேட்டுக்குவா என்றது நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. ஆறு மாடிக் கட்டடத்தில் இருபத்திரண்டு பெண்கள் அவள் சொன்னதைக் கேட்கிறார்கள். குழாய் உடைந்தால், ஆள் வராவிட்டால், ஒருத்தி பாத்ரூமில் மயங்கி விழுந்தால் ஜானகியைத்தான் தேடுகிறார்கள். இங்கே அவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்.

மறுநாள், முப்பத்தொன்று. காலை இட்லி முடிந்து எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். ராத்திரிக்குக் கேக் எங்கே வாங்குவது என்று பேச்சு. ஜானகி ஈரக் கையைத் துடைக்காமலே வந்து நடுவில் நின்றாள்.

"எதையோ எங்கிட்ட சொல்லணும்னு இருந்தீங்களே. புது வருஷம் வரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்லுங்க."

கௌதமன் தம்பியைப் பார்த்தான். மனோகர் சிரித்துச் சமாளித்தான். "ஒண்ணுமில்ல அண்ணி, நைனா விஷயமா சும்மா பேசிக்கினு இருந்தோம். நீங்கதான் இந்த வீட்டுக்குத் தூணு, உங்களுக்குத் தெரியாததா."

"தூணு பேசாது மனோகர். அதனாலதான் அந்தப் பேரு வெக்கறீங்க."

"அண்ணி, கோவப்படாதீங்க."

"கோவம்தான் படறேன். ஒம்போது நாளா ஒம்போது பேருக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். உங்க தட்ட எடுத்தது நானு. மாமாவுக்கு வேளைக்கு வேளை பெட்ஷீட்டு மாத்தினது நானு. எவனாவது ஒருத்தன், ஜானகி உனுக்கு இந்த லீவுல இன்னா வேலைன்னு கேட்டீங்களா? எனுக்கு ரெண்டாம் தேதி டெஸ்டு. பாஸானா ஆபீசர் வேல. நீங்க என்னிய வேலையிலேர்ந்து நிறுத்தறதுக்கு மீட்டிங் போடறீங்க, வட துன்னுகினு."

கௌதமன் எழுந்தான். "டெஸ்டா? எங்கிட்ட சொல்லவே இல்லயே நீ."

"பெருக்கறதுக்கும் தொடைக்கறதுக்கும் இன்னா டெஸ்டுன்னு கேப்பீங்க, அதான் சொல்லல."

அவன் முகம் கறுத்தது. திரைச்சீலை வழியாகத் தன் பேச்சு போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. சிவலிங்கம் மூக்கிலிருந்த குழாயை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். தென்றல் ஓடிப்போய்த் தடுத்தாள், அவர் கையைத் தட்டிவிட்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"நான் செத்தா பூட்டேன்? எங்கிட்ட ஒருத்தன் கேட்டானா? சொரங்கத்துக்குள்ள கேஜ் எறக்கறதுக்கு முன்னாடிகூட... மூணு பெல்லு அடிச்சுச் சொல்லுவான்டா, ஆளு ஏறுதுன்னு. நீங்க எங்கள மூட்ட மாதிரி எறக்கறீங்க." இருமினார். "எனுக்கு இவ பாக்கவே வாணாம். கஞ்சியில உப்பே போட மாட்டேங்கறா. நான் பெத்தது ரெண்டு. ரெண்டும் ஆம்பள. அவனுங்க பாக்கட்டும்."

ஜானகிக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. "உப்பு வாணாம்னு டாக்டர் சொன்னாரு மாமா. எட்டு வருஷமா உங்களுக்குச் செஞ்சதுல உப்புதான் ஞாபகம் வந்துதா?"

"இல்ல, மத்ததும் ஞாபகம் கீதுன்னு சொன்னா உப்பு போடுவியா?" என்றார் கிழவர். குழாயைத் தானே மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அன்று கேக் வாங்க யாரும் போகவில்லை. ஜானகி சமைத்தாள், பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. மனோகர் தன் தட்டைக் கழுவி வைத்தான். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஒரு தட்டு.

புத்தாண்டுக் காலையில் ஆறு மணிக்குக் குளித்தாள். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாமனாருக்கு மருந்து கொடுக்கும் நேரங்களை ஒரு தாளில் எழுதி மெஷின்மேல் ஒட்டினாள். கௌதமனை எழுப்பினாள்.

"நானும் தென்றலும் வினோலியா வீட்டுக்குப் போறோம். சாயங்காலம் வருவேன். மாமாவ அண்ணன் தம்பி பாத்துக்குங்க. சாப்பாடும்தான்."

"இன்னிக்குமா? புது வருஷம்..."

"ஆமா. புது வருஷம்தான்."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். வினோலியாவும் அவள் கணவர் கிளமெண்டும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள், சாவி பூந்தொட்டிக்கடியில். சாப்பாட்டு மேஜையில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். கோபத்தில் ஒரு பட்டியலை முழுக்க அழித்துவிட்டாள். தென்றல் திரும்பக் கொண்டுவந்து காட்டினாள். பத்து மணிக்குள் இருபத்திரண்டு பெண்களின் பெயரும் ஷிஃப்டும் திரையில் வரிசையாக வந்துவிட்டன. லீவு நாளுக்குச் சிவப்பு வண்ணம் போடக் கற்றுக்கொண்டாள். சர்ச்சிலிருந்து வந்த வினோலியா கேக் வெட்டி வைத்துவிட்டு, அவர்களைப் பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யாமல் போய் பிரியாணிக்கு அரிசி களைந்தாள்.

மதியம் ஷில்பா வந்தாள். கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜானகி நிமிரவில்லை.

"அங்க எல்லாம் ஓகே அக்கா. மாமா ரெண்டு தடவ பாத்ரூம் போனாங்க, இவரு தூக்கிட்டுப் போனாரு. கௌதமன் பாவா சோறு வடிச்சாங்க, கொழஞ்சு போச்சு." நின்றபடியே சொன்னாள். பிறகு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"மாமாவப் பாத்துக்க மொதல்ல என்னைத்தான் இவரு வேலைய விடச் சொன்னாரு, பெங்களூர்ல. நான் ஆகாதுன்னுட்டேன். சண்டயே வந்துச்சு. அதான் இங்க வந்ததும் உங்க பேரு..."

ஜானகி லேப்டாப்பை மூடினாள். "நீ ஆகாதுன்னது சரி. நானும் அதான் சொன்னேன். என் பேர எதுக்கு எடுத்த?"

ஷில்பா நின்றபடியே மேஜை விளிம்பைத் தடவினாள். அழுவாள் போல இருந்தது. ஜானகி அவளைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்ற வார்த்தை வாய்வரை வந்தது, அதை விழுங்கினாள்.

"உக்காந்து சாப்புடு. ஆனா இத்த நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது சமையலறைத் தரை முழுவதும் சோற்றுப் பருக்கை. மனோகர் சட்டையில் கஞ்சி. கௌதமன் அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "அந்த பெருக்கறது தொடைக்கறதுன்னு சொன்னது... தப்பு."

"ஆமா" என்றாள் ஜானகி.

மறுநாள் விடியற்கால வண்டியில் வினோலியா கேட்டாள்: "எல்லாரும் புது வருஷத்துக்கு ஒரு தீர்மானம் எடுப்பாங்களே. நீ இன்னா எடுத்த?"

"கோவப்படறது."

"கோவத்த வுடறேன்னுதான் சொல்லுவாங்க."

"நான் வுட்டு வுட்டுதான் இப்படி ஆச்சு. அவங்க வந்து இறங்கின அன்னிக்கே கோவப்பட்டிருந்தா, எனுக்குப் பத்து நாளும் மிஞ்சியிருக்கும். அவங்க கெட்டவங்க இல்ல வினோலியா. நான் சரி சரின்னு சொல்லிச் சொல்லி அவங்களுக்குக் கேக்கற பழக்கமே போச்சு. அதுல எம்பங்கும் கீது. ஆனா முக்காவாசி அவங்களுதுதான், அத்த வுட்டுக்குடுக்க மாட்டேன்."

டெஸ்டில் ஒரு ஃபார்முலா தப்பாகப் போட்டாள். மேனேஜர் அம்மாள் அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. பிப்ரவரியிலிருந்து மேஜை கிடைத்தது, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

வீட்டில் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. கங்கம்மா போனபின், அடுத்த லைனிலிருந்து கிருஷ்ணம்மா என்கிற பெண்மணி காலையில் வந்து மதியம் வரை இருக்கிறார். மதியத்துக்குமேல் கௌதமன் பட்டறையில் நேரத்தை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறான், இழந்த நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறான். மனோகர் சனிக்கிழமை ரயிலேறி வந்து ஞாயிறு போக வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று வாரம் ஒழுங்காக வந்தான். நான்காவது வாரம் ஆபீஸில் வேலை என்றான். ஜானகி அவனுக்குப் போன் செய்து, "பெங்களூர்லேர்ந்து அடுத்த வண்டி ரெண்டு மணிக்கு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அவன் வந்தான். வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பட்டறையிலிருந்து திரும்பிய கௌதமன் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து தென்றலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்தே கேட்டான்:

"கோவம் போச்சா உனுக்கு?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பாதி போச்சு" என்றாள்.

"மீதி எப்ப போவும்?"

"தெரியல. நீங்க அடுப்பப் பாருங்க."